பீரோவைக் காலி செய்யும் முன்: சங்க, கோயில் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் உள்ள தமிழர் சங்கங்கள், ஊர்ச் சபைகள், கோயில்கள், பள்ளிவாசல்கள், தேவாலயங்கள் ஆகியவற்றின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் பொருளாளர்களுக்கும்,

வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அலுவலகத்தில் ஒரு பழைய இரும்பு பீரோ இருக்கும். அதன் கீழ்த்தட்டில் கயிறு கட்டிய பேரேடுகள், உறுப்பினர் பதிவுப் புத்தகங்கள், சந்தா ரசீதுகளின் அடிக்கட்டைகள், கல்யாணப் பதிவு நோட்டுகள் எல்லாம் அடைந்து கிடக்கும். அவற்றைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். முடிந்தால் படமெடுத்துப் பெயர் அட்டவணை போட்டு, தேடி வருகிற குடும்பங்களுக்குக் காட்ட ஒரு வழி செய்யுங்கள். இந்த மடலில் நான் கேட்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் ஏன் கேட்கிறேன் என்பதற்கான விளக்கம்.

கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒரு சங்கம் அலுவலகம் மாற்றியபோது, 1950-களின் உறுப்பினர் புத்தகங்களைப் பழைய செய்தித்தாளோடு சேர்த்துக் காராங் கூனிக்காரரிடம் (பழைய சாமான் வாங்குபவரிடம்) போட்டுவிட்டதாக அதன் முன்னாள் பொருளாளரே என்னிடம் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அறக்கொடை அமைப்புகள் கணக்குப் புத்தகங்களை 5 ஆண்டு வைத்திருந்தால் போதும் என்பது சட்டம். ஆடிட்டர் அதைத்தான் சொல்வார். இடமோ வாடகை இடம், பூஞ்சை வாசனை வேறு. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அந்தப் புத்தகங்களில் இருந்த பெயர்கள் இந்த ஊரில் வேறு எங்கும் இல்லை என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

வேறு எங்கும் இல்லையா, அரசாங்கத்திடம் எல்லாம் இருக்குமே என்று நினைப்பீர்கள். எங்கள் குடும்பத்தின் பூர்வீகத்தைத் தேடத் தொடங்கும்போது நானும் அப்படித்தான் எண்ணிப் போனேன். இருக்கிறதுதான். பிறப்பு, இறப்புப் பதிவுகள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. 1948-இல், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டிப் பிறப்பித்த அவசரகாலத்தின்போது வந்த அடையாள அட்டை உண்டு. 1957-இல் குடியுரிமைச் சட்டம் வந்து ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று பதிந்துகொண்ட சான்றிதழ்கள் பல வீடுகளில் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. தேசிய ஆவணக்காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் பதிவு செய்து வைத்திருக்கும் பேட்டிகளில் துறைமுகத் தொழிலாளியும் பேசுகிறார், பள்ளி ஆசிரியரும் பேசுகிறார். பழைய தமிழ் முரசு இதழ்களைத் தேசிய நூலகத்தின் வழியாகப் புரட்டலாம். அதில் வரும் மரண அறிவிப்புகளை மட்டும் படித்தாலே மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று பாதிக் குடும்ப மரம் கிடைத்துவிடும்.

ஆனால் இவையெல்லாம் சிங்கப்பூரில் கால் வைத்த பிறகு நடந்த கதையைத்தான் சொல்லும். எந்த ஊர், யார் மகன், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விகளுக்கு வந்தவுடன் சுவரில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் நிலைமை வேறு. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. ஆளுக்கு ஓர் எண், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், ஜில்லா எல்லாம் அதில் உண்டு. மொரீஷியஸில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில் புகைப்படத்தோடு கூடிய பதிவுகளே இருக்கின்றன. அடிமைத்தனத்துக்குப் பக்கத்து வீடு போன்ற ஒரு முறை அது. அதன் கணக்குப்பிள்ளைத்தனம் மட்டும் கொள்ளுப்பேரன்களுக்கு இன்று உதவுகிறது. நம் முன்னோர்களில் பெரும்பாலோர் அப்படி வரவில்லை. காங்காணி கூட்டிக்கொண்டு வந்தார், அல்லது முன்னமே வந்த மாமனோ மச்சானோ கடிதம் போட்டார், நாகப்பட்டினத்தில் டெக் டிக்கெட் எடுத்து ஏறினார்கள். 1926 முதல் 1970-களின் தொடக்கம் வரை ஓடிய ரஜூலா கப்பலை மட்டும் எடுத்துக்கொண்டாலும் எத்தனை ஆயிரம் பேர் அதன் டெக்கில் படுத்து வந்திருப்பார்கள்! அவர்களுக்கு ஆளுக்கொரு தாள் என்று தேடி எடுக்க நேட்டால் மாதிரி ஒரு பட்டியல் கிடையாது. சுதந்திரமாக வந்ததற்கு நாம் கொடுத்த விலை அது என்று வைத்துக்கொள்ளலாம்.

கல்யாணப் பதிவும் அப்படித்தான். 1961 செப்டம்பரில் மாதர் சாசனம் நடப்புக்கு வந்த பிறகுதான் முஸ்லிம் அல்லாதோரின் திருமணத்தை அரசாங்கத்தில் பதிந்தாக வேண்டும் என்று ஆனது. அதற்கு முன் கோயிலில் தாலி கட்டியவர்களுக்குச் சாட்சி, கோயில் நோட்டும் பக்கத்தில் நின்றவர்களும்தான். பக்கத்தில் நின்றவர்கள் போய்விட்டார்கள்.

கல்லறை பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், நம்மில் இந்துக்கள் பெரும்பாலும் எரிப்பவர்கள். புக்கிட் பிரவுன் இடுகாட்டில் சீனக் குடும்பங்கள் கல்லறைக் கல்லைப் படித்துச் சீனாவில் உள்ள தங்கள் கிராமத்தைக் கண்டுபிடிப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாகவே இருக்கும். நமக்குப் புதைத்த இடங்களும் நிலைக்கவில்லை. 1972-இல் மூடப்பட்ட பிடாடரி இடுகாட்டில் இந்துப் பகுதியும் இருந்தது. 2001-இல் தோண்டத் தொடங்கினார்கள். இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள். இப்போது புதைக்கும் சுவா சூ காங் இடுகாட்டிலும் 1998 முதல் 15 ஆண்டுக் கணக்குதான்; அதற்குப் பிறகு தோண்டி எடுத்துவிடுவார்கள்.

இனிமேல்தான் உங்கள் பீரோ வருகிறது.

என் தாத்தா ஹார்பர் போர்டில், அதாவது துறைமுக வாரியத்தில், வேலை பார்த்தார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது "தஞ்சாவூர் ஜில்லா" என்ற இரண்டே சொல். அப்பா, சித்தப்பா, அத்தை, ஜொகூரில் இருக்கும் பெரியப்பா, யாரைக் கேட்டாலும் அதே இரண்டு சொல். அந்த ஜில்லாவை இன்றைய வரைபடத்தில் தேடினால் அது ஐந்து மாவட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. 1974-இல் ஒரு பகுதி புதுக்கோட்டைக்குப் போனது, 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது, பிறகு திருவாரூர், 2020-இல் மயிலாடுதுறை. ராமநாதபுரத்துக்காரர்களும் தென்னாற்காட்டுக்காரர்களும் இதே அவஸ்தையைத்தான் படுகிறார்கள். தாத்தா சொன்ன ஜில்லாப் பெயரை வைத்துக்கொண்டு இன்றைய மாவட்டத்துக்குள் சுற்றினால் ஊர் கிடைக்காது, பேருந்துக் காசுதான் போகும்.

எங்களுக்கு விடை கிடைத்தது ஒரு சங்கத்தின் மரணச் சகாய நிதிப் பேரேட்டில். மாதச் சந்தா கட்டி வந்தால், உறுப்பினர் இறக்கும்போது ஈமச் செலவுக்கும் குடும்பத்துக்கும் ஒரு தொகை. சொந்தம் என்று ஒருவரும் இல்லாத ஊரில் செத்தால் யார் தூக்கிப் போடுவார்கள் என்ற பயத்தில் பிறந்த ஏற்பாடு அது. அந்தப் பேரேட்டில் தாத்தாவின் பெயர், தகப்பனார் பெயர், கிராமத்தின் பெயர், "அறந்தாங்கி தாலுகா", இடது கைப் பெருவிரல் ரேகை எல்லாம் இருந்தன. கடைசிக் கட்டத்தில் "வாரிசுதாரர்" என்று போட்டு ஒரு பெண்ணின் பெயர். எங்கள் பாட்டியின் பெயர் அல்ல. "தங்கை" என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தது. அப்படி ஒரு தங்கை இருந்தார் என்பதே எங்கள் அப்பாவுக்குத் தெரியாது. தாத்தா சேர்ந்தபோது கல்யாணமாகாதவர். பணம் யாருக்குப் போக வேண்டும் என்று கேட்டபோது தங்கையின் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

அந்த ஒரு கட்டத்தைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் அதிகம் பேச வேண்டும். அரசாங்கத்தின் எந்தத் தாளிலும் அந்தப் பெண்ணுக்கு இடமில்லை. அவர் கப்பலேறவில்லை, சிங்கப்பூரைப் பார்த்ததில்லை. நம் பெயர் வைக்கும் முறையிலும் தகப்பன் பெயர்தான் முன்னால் நிற்கும், அடையாள அட்டையிலும் "எஸ்/ஓ", "டி/ஓ" என்று அப்பா பெயர்தான். அம்மா, அக்கா, தங்கை எல்லாம் தாளுக்கு வெளியே. வாரிசுதாரர் கட்டத்தில்தான் அவர்கள் வந்து உட்கார்கிறார்கள்: ஊரில் இருக்கும் தாய், விதவையான அக்கா, தாலி கட்டிய மனைவி, சில சமயம் பதிவில்லாத மனைவி. உங்களுக்கு அது எப்போதோ பணம் கொடுத்து முடித்துவிட்ட கணக்கு. எங்களுக்கு ஒரு கிளையே அதில்தான் தொங்குகிறது.

வேலை இடங்களையொட்டி வளர்ந்த கோயில்களின் நிர்வாகிகளுக்கு இதைத் தனியாகவே சொல்ல வேண்டும். அலெக்சாண்டிரா செங்கல் சூளைத் தொழிலாளர்களோடு வளர்ந்தது ஸ்ரீ ருத்ர காளியம்மன் கோயில். ரயில்வேக்காரர்கள் வைத்துக் கும்பிட்டது ஸ்ரீ முனீஸ்வரன். கடற்படைத் தளத்து ஊழியர்களின் கோயில் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்ரமணியர். இந்த மாதிரிக் கோயில்களின் நன்கொடைப் பட்டியல், திருவிழா வரவு செலவு, கும்பாபிஷேக மலர் ஆகியவற்றில் இருப்பது, அந்த வேலை இடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதற்கான தமிழ்க் கணக்கு. செங்கல் சூளை இல்லை. தஞ்சோங் பகாருக்கு ரயில் வருவது 2011-இல் நின்றுவிட்டது. பிரிட்டிஷ் படை 1971-இல் வெளியேறியபோது வேலை போன எத்தனையோ பேர் பணத்தை வாங்கிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் இன்று அந்தப் பக்கத்திலிருந்து தேடுகிறார்கள், "எங்கள் தாத்தா நேவல் பேஸில் இருந்தாராம், ஏதாவது தெரியுமா" என்று.

சில சமூகத்தாருக்கு இந்தக் கவலை குறைவு. நகரத்தார்கள் தங்கள் ஒன்பது நகரக் கோயில்களில் எந்தக் கோயில் என்று கேட்டாலே பாதி வழி தெரிந்துவிடும். கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் அங்கே ஒரு புள்ளி. 1859-இல் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயிலைக் கட்டியவர்களின் கணக்கு வழக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கத்தோலிக்கர்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு உண்டு. தாய் தகப்பன் மட்டுமல்ல, ஞானப் பெற்றோர் பெயரும் இருக்கும். ஓஃபிர் ரோட்டில் உள்ள லூர்து மாதா கோயில் 1888-ஆம் ஆண்டுக் கட்டடம். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு 1910-இலிருந்து சங்கம் இருக்கிறது. கடையநல்லூர்க்காரர்கள் 1941-இல் லீக் அமைத்து, அப்புறம் உமறுப் புலவர் பெயரில் பள்ளிக்கூடமே நடத்தினார்கள். ஊர்ப் பெயரிலேயே சங்கம் இருக்கும்போது "எந்த ஊர்" என்ற கேள்வியே எழாது. கஷ்டமெல்லாம் மண் வெட்டவும் மூட்டை தூக்கவும் சாலை போடவும் வந்தவர்களின் பிள்ளைகளுக்குத்தான். அவர்கள் எழுதி வைக்கவில்லை. அவர்களுக்காக எழுதியது உங்கள் சங்கத்தின் அன்றைய கணக்குப்பிள்ளை.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்போது எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் பூர்வீகம் சொல்லும் டிஎன்ஏ சோதனை வந்துவிட்டதே, பேரேடு எதற்கு என்று ஒரு செயலாளர் கேட்டார். என் தம்பி மகன் அதைச் செய்து பார்த்தான். "தென்னிந்தியா" என்று பதில் வந்தது. அதை எங்கள் ஆத்தா காசு வாங்காமலே சொல்லியிருப்பார். அந்தச் சோதனையில் உறவு கிடைக்க வேண்டுமானால் அந்த உறவும் எங்கோ துப்பி அனுப்பியிருக்க வேண்டும். அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்தில் யார் அனுப்பியிருக்கப் போகிறார்கள்?

சரி, நீங்கள் சொல்லக்கூடிய தடைகளுக்கு வருகிறேன். நான் போன இடங்களில் அதிகம் கேட்டது "பிடிபிஏ இருக்கிறது, காட்ட முடியாது" என்ற பதில். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சட்டத்தையே ஒருமுறை படித்துப் பாருங்கள். 100 ஆண்டுகளாக இருந்து வரும் ஆவணத்தில் உள்ள தகவலுக்கு அது பொருந்தாது. இறந்து 10 ஆண்டுக்கு மேல் ஆனவர்களின் தகவலுக்கும் பொருந்தாது. 1940-களில் இறந்த உறுப்பினரின் பக்கத்தை அவருடைய பேத்திக்குக் காட்டச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. அதே பக்கத்தில் உயிரோடு இருப்பவர் பெயரும் இருந்தால் அந்த வரியை மறைத்துக் காட்டுங்கள். அடையாள அட்டை எண் இருந்தால் எப்போதும் மறைத்துவிடுங்கள்.

அடுத்தது சாதி. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். பழைய விண்ணப்பப் படிவங்களில் சாதிக் கட்டம் இருக்கும். சில பெயர்களின் வால் பகுதியிலேயே இருக்கும். 1929-இல் பெரியார் இந்தப் பக்கம் வந்து போன பிறகு, 1930-களில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் பேசிய பேச்சுக்களைக் கேட்டு, எத்தனையோ பேர் அந்த வாலை வெட்டி எறிந்தார்கள். சிலர் வெட்டியதோடு நிற்காமல் ஊர்ப் பெயரைக்கூட வேண்டுமென்றே மாற்றிச் சொன்னார்கள். அது அவர்கள் எடுத்த முடிவு; எதிலிருந்து தப்பி வந்தார்கள் என்று நமக்குத் தெரியாதா? பூர்வீகம் தேடுகிறேன் என்று கிளம்பி, அவர்கள் மூடிய கதவைப் பேரப்பிள்ளைகளின் முகத்துக்கு நேராகத் திறந்து வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அதற்காகப் பக்கத்தைக் கிழித்துவிடச் சொல்லவும் மாட்டேன். மூலப் புத்தகம் அப்படியே இருக்கட்டும். பொதுவில் வைக்கும் பெயர் அட்டவணையில் அந்தக் கட்டம் வேண்டாம். பெயர், தகப்பன் பெயர், ஊர், சேர்ந்த தேதி, வேலை இடம் ஆகியவை போதும், ஆளைக் கண்டுபிடிக்க. நேரில் வந்து தன் குடும்பத்தின் பக்கத்தைப் பார்க்கிறவர் முழுப் பக்கத்தையும் பார்த்துக்கொள்வார்.

மூன்றாவது, "வீண் வம்பு வரும்" என்பது. வரும். நான் பொய் சொல்லப் போவதில்லை. ஊரில் ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம் வைத்திருந்தவர்கள் அந்தக் காலத்தில் குறைவில்லை. 1953-இல் குடிநுழைவுச் சட்டம் இறுகியதும் ஊரில் விட்டு வந்த மனைவியை அழைத்துவர முடியாமலே போனவர்களும் உண்டு. வாரிசுதாரர் கட்டத்தில் வேறொரு பெண்ணின் பெயரைப் பார்த்துவிட்டு, வந்த வேகத்திலேயே எழுந்து போன ஒருவரை எனக்குத் தெரியும். சீனக் குழந்தைகளை எடுத்து வளர்த்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே எத்தனை! அந்தப் பாட்டிமார்கள் சேலை கட்டி, தீ மிதித்து, நம்மைவிட நல்ல தமிழ் பேசினார்கள். தத்து என்று பேரேட்டில் இருப்பது அவர்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். ஆகவே ஒரு ஏற்பாடு சொல்கிறேன். பெயர் அட்டவணை எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். பக்கத்தின் படம் மட்டும் இன்ன உறவு என்று எழுதிக் கொடுத்து, நேரில் வருகிறவருக்கு. வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். வாட்ஸ்அப்பில் போன படம் சாயங்காலத்துக்குள் ஈப்போ, சென்னை, மெல்பர்ன் என்று சுற்றிவிட்டுத்தான் நிற்கும், அதில் யாருடைய அம்மா அழுகிறார் என்பதை யாரும் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டில் நாங்கள் பகிர்ந்துகொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன், தேடி வருகிறவர்களுக்கு நீங்கள் எடுத்துச் சொல்ல உதவலாம். தங்கையின் பெயர் கிடைத்ததும் முதலில் பெரியப்பாவிடம் போனேன். வயதில் மூத்தவர் அறியாமல் குடும்பக் குழுவில் போட்டால் அது செய்தியாக இருக்காது, அவமரியாதையாகிவிடும். "பழசை ஏன் கிளறுகிறாய்" என்றுதான் ஆரம்பித்தார். கைரேகையின் படத்தைக் காட்டியதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அப்புறம் அவரே மற்றவர்களுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

ஊர்ப் பக்கம்தான் கொஞ்சம் சிக்கல். கிராமத்தில் அந்தத் தங்கையின் பேரன் வீட்டைக் கண்டுபிடித்துப் போனபோது தண்ணீர் கொடுத்தார்கள், நாற்காலி போட்டார்கள், ஆனால் பேச்சு ஒட்டவில்லை. பிறகுதான் புரிந்தது: சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறார்களே, நிலத்தில் பங்கு கேட்கத்தானோ என்ற பயம். நியாயமான பயம். பட்டா, வில்லங்கச் சான்று என்று வாயைத் திறந்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். பேரேட்டுப் பக்கத்தின் நகலை அவர்கள் கையில் கொடுத்தோம். அவர்களுடைய அப்பத்தாவின் பெயர் சிங்கப்பூரில் ஒரு புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் பெட்டியிலிருந்து பழைய மொய் நோட்டு வந்தது, குலதெய்வக் கோயிலில் சிவராத்திரிக்கு வரும் பங்காளிகளின் பட்டியல் வந்தது, அதில் நாங்கள் கேள்விப்பட்டே இராத நான்கு ஊர்கள் வந்தன. நீங்கள் பாதுகாத்த ஒரு பக்கம் அங்கே என்ன வேலை செய்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இனி வேலை முறை. பெரிய செலவில்லை. நல்ல கைபேசி, பகல் வெளிச்சம், இரண்டு பேர் போதும். ஒருவர் பக்கம் புரட்ட, ஒருவர் படமெடுக்க. கிழிந்த பக்கத்தைப் பசைநாடா போட்டு ஒட்டாதீர்கள், பிளாஸ்டிக் உறையில் வைத்துச் சூடுபோட்டு லேமினேட் செய்யாதீர்கள். இரண்டுமே தாளைக் கொன்றுவிடும். நம் ஊர் ஈரப்பதத்துக்கு இராமபாணப் பூச்சி விடாது, ஆகவே தரையோடு தரையாக வைக்க வேண்டாம்.

எழுதியிருப்பதை எழுதியபடியே படியெடுங்கள். ஒரே முத்துசாமி ஆங்கில எழுத்தில் ஒரு பக்கம் மூட்டூசாமி, இன்னொரு பக்கம் வெறும் முத்து. திருத்தினால் தேடுகிறவருக்கு உள்ள ஒரே தடயமும் போய்விடும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் கருப்பையா மகன் ராமசாமி, ராமசாமி மகன் கருப்பையா என்று மாறி மாறி வரும். தேதியும் ஊரும் இல்லாமல் பெயரை மட்டும் அட்டவணையில் ஏற்றினால் தாத்தாவும் பேரனும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

பழைய நோட்டுகளைப் படிப்பதில் ஒரு அவசரம் இருக்கிறது. அவற்றில் தேதி ௧௨, ௨௩ என்று தமிழ் எண்ணில் இருக்கும். ஆண்டுக்குப் பதில் "ஸ்ரீமுக ௵ ஆவணி ௴" என்று இருக்கும் (௵ என்றால் வருடம், ௴ என்றால் மாதம்). 60 ஆண்டுச் சுழற்சியில் அது 1933-ஆக இருக்கலாம், 1873-ஆகவும் இருக்கலாம். மை, தாள், முன்பின் பக்கம் பார்த்துத்தான் சொல்ல முடியும். மேல் வரியில் உள்ள ஊரே கீழ் வரிக்கும் என்றால் "௸" என்று ஒரு குறி மட்டும் போட்டிருப்பார்கள். அது தெரியாதவர் ஊர் காலி என்று நினைத்துக் கடந்துபோய்விடுவார். இந்தக் குறிகளைச் சரளமாகப் படிக்கும் பெரியவர்கள் உங்கள் சங்கங்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பேரேட்டை அடுத்த தலைமுறை ஸ்கேன் செய்துகொள்ளும் என்று தள்ளிப்போட்டால், படம் இருக்கும், படிக்க ஆள் இருக்காது. தேசிய சேவை முடித்துப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைத் தட்டச்சுக்கு உட்கார வையுங்கள், பக்கத்தில் ஒரு பெரியவரை உட்கார வையுங்கள். டீயும் வடையும் வாங்கிக் கொடுங்கள்.

உங்களால் வைத்துக் காப்பாற்ற முடியாவிட்டால் வருத்தமில்லை. தேசிய ஆவணக்காப்பகம் தனியார் அமைப்புகளின் வரலாற்று மதிப்புள்ள ஆவணங்களையும் பெற்றுக்கொள்கிறது. கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் 2015-இலிருந்து இருக்கிறது, அவர்களையும் கேட்டுப் பாருங்கள். கொடுப்பதற்கு முன் உங்களுக்கென்று ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மூலப் புத்தகத்தை ஆராய்ச்சிக்கு என்று கேட்டு வருகிற தனிநபர் யாரிடமும், என்னிடமும்தான், வீட்டுக்குக் கொண்டுபோகக் கொடுக்காதீர்கள். அப்படிப் போனவை திரும்பி வருவது அபூர்வம்.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்: "பழைய பேரேடுகளைப் பாதுகாத்தல், படியெடுத்தல், பொறுப்பாளர் நியமனம்." பொறுப்பாளர் கிடைக்கவில்லை என்றால் சனி, ஞாயிறுகளில் நான் வந்து பக்கம் புரட்டித் தருகிறேன். எங்கள் குடும்பத்தில் இன்னும் இரண்டு மூன்று பேர் வருவார்கள், பெரியப்பா மகன் உட்பட. சாவியை மட்டும் தேடி வையுங்கள்; நான் போன சங்கங்களில் பாதியில் பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியவில்லை.

மரியாதையுடன்,
உங்கள் பழைய உறுப்பினர் ஒருவரின் பேத்தி
ஈசூன், சிங்கப்பூர்